அரசின் சுவரும் ஆண்டவன் படமும்

வாணியம்பாடியில் பேருந்து ஏறி ஆலங்காயம் கடந்தால், சாலை வளைந்து வளைந்து மேலேறத் தொடங்குகிறது. காவலூரில் வானாய்வு நிலையத்தின் வெண்ணிறக் குவிமாடங்கள் மரங்களுக்கிடையே தலைகாட்டும். அதற்கப்பால் ஜமுனாமரத்தூர். இதுதான் ஜவ்வாது மலை. தோல் பதனிடும் நம் ஊர்களான வாணியம்பாடியும் ஆம்பூரும் மலைக்கு ஒரு புறம், போளூர் மறுபுறம், வடக்கே அமிர்தி வழியாக இறங்கினால் வேலூர்க் கோட்டை. காஞ்சியிலிருந்து வந்தேறியவர்கள் தம் முன்னோர் என்று கூறிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர் இம்மலையில் சாமை விளைவித்தும், புளியும் தேனும் சேகரித்து விற்றும் வாழ்கிறார்கள். அவற்றை வாங்க நம்மவர் மலையேறிச் செல்வது தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம்.

அப்படி வாணிபம் செய்யும் உறவினர் ஒருவரின் உரிமம் தொடர்பாக, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, அந்தப் பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றுக்குச் செல்ல நேர்ந்தது. ஜும்ஆவுக்குள் திரும்பிவிட வேண்டுமென்ற அவசரம் எனக்கு. உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. சுவரில் வரிசையாகப் படங்கள். சந்தனம், பூச்சரம், ஊதுவத்திப் புகை. எனக்கு முன்பே வந்து காத்திருந்த மலைவாழ் முதியவர் ஒருவர், வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். மகனுக்குச் சாதிச் சான்று கேட்டு வந்தவர் அவர். பூசை முடிந்து எழுத்தர் தட்டோடு வந்தார். எல்லோர் நெற்றிக்கும் குங்குமம் கொடுத்தவர், என் தொப்பியைக் கண்டதும் ஒரு கணம் தயங்கினார். பின் புன்னகையோடு ஒரு தேங்காய்ச் சில்லை எடுத்து நீட்டினார். வாங்காவிட்டால் அவர் மனம் நோகும். வாங்கினால் என் மனம் ஒப்பாது. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த எழுத்தர் நல்ல மனிதர். என் வேலையை அன்றே முடித்துத் தந்தவரும் அவர்தான். ஆனால் செருப்பைக் கழற்றி நின்ற முதியவர், தம் முறை வந்தபோதும் அதே கூப்பிய கையோடுதான் பேசினார். சட்டம் அவருக்குக் கொடுத்த சான்றை அவர் வரமாகக் கேட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

அரசாங்கத்தின் சுவரில் ஆண்டவனின் படம் இருக்கலாமா என்ற கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. அதன் வரலாற்றின் பெரும்பகுதி இந்த மலையைச் சூழ்ந்த மண்ணிலும் சென்னைக் கோட்டையிலும் நிகழ்ந்தது என்பது நம்மில் பலர் எண்ணிப் பாராத செய்தி.

வேலூரிலிருந்தே தொடங்கலாம். 1805 நவம்பரில் சென்னைப் படையின் சிப்பாய்களுக்குப் புதுவகைத் தலைப்பாகை ஒன்று விதிக்கப்பட்டது. அதில் தோலால் ஆன குஞ்சம் இருந்தது. அடுத்த ஆண்டு வந்த விதிகளோ, அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றன. தளபதி ஜான் கிராடக்கின் ஆணை; ஆளுநர் வில்லியம் பெண்டிங்கின் இசைவு. படைக்கு ஒரே சீரான தோற்றம் வேண்டுமென்பதே அவர்கள் சொன்ன காரணம். திருநீறணிந்த இந்துவுக்கும், தாடி வளர்த்த முஸ்லிமுக்கும் அது அவ்வாறு தோன்றவில்லை. எல்லோரையும் கிறிஸ்தவராக்கும் முதற்படி என்ற பேச்சு பாளையமெங்கும் பரவியது. 1806 மே மாதம் வேலூரில் தலைப்பாகையை மறுத்தவர்களில் இருவருக்குத் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டது. ஒருவர் இந்து, மற்றவர் முஸ்லிம். ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்தபின் மாண்ட சிப்பாய்களோ பல நூற்றுவர். கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். கிராடக்கும் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். தலைப்பாகை ஆணை கைவிடப்பட்டது.

குடிமகனின் உடலில் உள்ள சமயக் குறியை அரசு அழிக்க முற்பட்டால் என்ன நேரும் என்பதைக் கும்பினியார் அன்று கற்றனர். கற்ற பாடத்தை அவர்கள் பயன்படுத்திய விதம்தான் விந்தை. சமயத்தைத் தொடாதிருப்பதற்கு மாறாக, அதனைத் தழுவிக்கொள்ளத் தலைப்பட்டனர். 1817ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குவிதி, கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் உரிய அறக்கொடைகளின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. வரி வசூலிக்கும் கலெக்டரே திருவிழாக் கணக்கையும் பார்த்தார். தேர் இழுக்க ஆள் திரட்டுவதும் அரசு ஊழியரின் கடமைகளில் ஒன்றாயிற்று. விழா நாட்களில் படை அணிவகுத்து மரியாதை செய்தது, பீரங்கி முழங்கியது. அறக்கொடைச் சொத்துகள் சில காப்பாற்றப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தேர்வடம் பிடிக்க விருப்பமின்றி இழுத்துவரப்பட்ட உழவனின் பக்தி எத்தகையதாக இருந்திருக்கும்?

எதிர்ப்பு எழுந்த திசையும் கவனிக்கத்தக்கது. 1836இல் சென்னையின் முதல் ஆங்கிலிகன் பிஷப் டேனியல் காரி, பாதிரிமாரும் அதிகாரிகளும் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றை அரசுக்கு அனுப்பினார். தம் நம்பிக்கைக்கு மாறான சடங்குகளில் கிறிஸ்தவ ஊழியர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். அரசு அவரைக் கடிந்துகொண்டது. சென்னைப் படைத் தலைவர் பெரிகிரின் மெயிட்லண்ட் இதே காரணத்துக்காக 1838இல் பதவியைத் துறந்தார். அவர்களுடைய நோக்கத்தில் சமயப் பரப்பும் கலந்திருந்தது; ஐயமில்லை. ஏனெனில் அதே அரசு, அதே மக்களின் வரிப்பணத்தில் ஆங்கிலிகன் குருமாருக்குச் சம்பளமும் கொடுத்துவந்தது. அதைக் குறித்து அந்த விண்ணப்பக்காரர் எவரும் மனம் நொந்ததாகத் தெரியவில்லை! இன்று தமிழகத் தலைமைச் செயலகம் இயங்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே 1680இல் எழுந்த புனித மேரி ஆலயம் நிற்கிறது. தன் சிலுவை தனக்குத் தெரிவதில்லை. அயலானின் திருநீறுதான் கண்ணை உறுத்துகிறது. இது கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய குறைபாடா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

அறக்கொடைகளிலிருந்து அரசு விலக 1863ஆம் ஆண்டின் இருபதாம் சட்டம் வழி வகுத்தது. இங்கிலாந்துத் திருச்சபையோடு இந்தியத் திருச்சபைக்கு இருந்த சட்டப் பிணைப்பை 1927ஆம் ஆண்டுச் சட்டம் அறுத்தது. இவ்வாறு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்துகொண்டிருந்த வேளையில் சுதந்திரம் வந்தது.

1949 அக்டோபர் 17ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதத்தை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் முகவுரையை இறைவனின் பெயரால் தொடங்க வேண்டுமென்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் அதில் குற்றம் என்ன? எச்செயலையும் பிஸ்மில்லாஹ்வோடு தொடங்கும் நமக்கு அது இனிக்கவே செய்யும். ஆனால் உடனே அசாமைச் சேர்ந்த ரோகிணிகுமார் சௌதுரி எழுந்து, தாம் காமாக்கியா தேவியை வழிபடும் காமரூப நாட்டினர், ஆகவே தேவியின் பெயரால் என்று மாற்றிக்கொள்ள காமத் இசைவாரா என்று வினவினார். கோவிந்த மாளவியாவோ பரமேசுவரன் அருளால் என்று தொடங்க விரும்பினார். எல்லோர்க்கும் பொதுவான இறைவன் என்று ஒருவர் வாய் திறந்ததுமே, எந்த இறைவன், ஆணா பெண்ணா, எந்தப் பெயரில் என்ற கேள்விகள் அந்த மன்றத்திலேயே முளைத்துவிட்டன. நம்பிக்கை தனிமனிதனின் உள்ளத்தைச் சார்ந்தது, அதில் கட்டாயம் கூடாது என்று திருவிதாங்கூரின் தாணுப்பிள்ளை வாதிட்டார். பண்டித குன்ஸ்ருவும் எதிர்த்தார். வாக்கெடுப்பில் திருத்தத்துக்கு ஆதரவு 41, எதிர்ப்பு 68. இறை மறுப்பாளர் அந்த 68 பேரில் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? பெரும்பாலோர் பக்தர்களே. பக்தர்கள் கூடித்தான் இறைவனின் பெயரை அரசின் தாளில் எழுத வேண்டாமென்று முடிவு செய்தனர்.

அந்த முடிவின் தொடர்ச்சியாகவே 27ஆம் பிரிவையும் 28ஆம் பிரிவையும் படிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு சமயத்தை வளர்ப்பதற்கென வரி கொடுக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. முழுதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது. சுவரைப் பற்றி அரசியலமைப்பு ஒன்றும் கூறவில்லை. ஆணி அடிப்பதும் படம் மாட்டுவதும் அவ்வளவு சிறிய காரியமென்று கருதினார்கள் போலும்.

சுவரைப் பற்றிப் பேசியவர் அறிஞர் அண்ணா. 1968இல் அவருடைய அரசு, அரசு அலுவலகங்களிலும் வளாகங்களிலும் உள்ள கடவுளர் படங்களையும் சிலைகளையும் படிப்படியாக, ஆரவாரமின்றி அகற்ற வேண்டுமென அறிவுறுத்தியது. ஆரவாரமின்றி என்பதில்தான் அண்ணாவின் கைவண்ணம் இருக்கிறது. படத்தைக் கிழிப்பதன்று, வீட்டுக்கு எடுத்துச் செல்வது. ஆயினும் ஆரவாரம் எழுந்தது. நாத்திக ஆட்சி தெய்வங்களின்மீது கை வைக்கிறது என்ற குரல் ஓங்கியது. 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தார். அறிவுரை கோப்பில் தங்கியது. படங்கள் சுவரில் தங்கின. அலுவலக வளாகங்களில் வழிபாட்டிடம் எழுப்புதல் கூடாதென 1993இலும் ஆணை பிறந்தது. பொது இடங்களில் கோயில், தேவாலயம், மசூதி, குருத்வாரா என்ற எப்பெயராலும் அனுமதியின்றிப் புதிதாகக் கட்டுதல் கூடாதென 2009இல் உச்சநீதிமன்றம் விதித்தது. ஆணைகளுக்குப் பஞ்சமில்லை.

காவலூரில் முதல் தொலைநோக்கி நிறுவப்பட்டதும் அதே 1968இல்தான் என்பது தற்செயல். மலைமேல் அரசு எழுப்பிய அந்தக் கூடாரத்தில் வானத்தைத் தவிர வேறு எதற்கும் சாளரம் இல்லை.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். தமிழக அரசின் முத்திரையிலேயே கோயில் கோபுரம் இருக்கிறதே! கலைஞர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்து 1949இல் ஏற்கப்பட்ட முத்திரை அது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பர் பலர். மதுரை மேற்குக் கோபுரமே என்பாரும் உளர். சமயச் சார்பற்ற அரசுக்கு இது தகுமா என்ற வினா அன்றே எழுந்தது. அது தென்னாட்டுக் கட்டடக் கலையின் அடையாளம் என்ற விளக்கம் ஏற்கப்பட்டது. அந்த விளக்கத்தை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. அதனடியில் அசோகரின் சிங்கத்தூண். அது பௌத்தம் பரப்பிய மன்னனின் தூண். அதன்முன் நம்மில் யாரும் பௌத்தராகிவிடவில்லை. நம் நிக்காஹ் பதிவுத் தாளிலும், குழந்தையின் பிறப்புச் சான்றிலும் அந்தக் கோபுரம் உண்டு. அதற்கு யாரும் கற்பூரம் காட்டுவதில்லை. அதன்முன் யாரும் செருப்பைக் கழற்றுவதுமில்லை. வழிபாடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் வழக்கும் தொடங்குகிறது. காந்தியடிகளின் படமும் கடவுளின் படமும் ஒரே ஆணியில் தொங்கலாம்; தீபாராதனை ஒன்றுக்குத்தான் நடக்கிறது.

மரியாதை செய்வதாக எண்ணி மனத்தைப் புண்படுத்துவதும் உண்டு. அமெரிக்க உச்சநீதிமன்றக் கட்டடத்தில், உலகுக்குச் சட்டம் வழங்கியவர்களின் வரிசையை அடால்ஃப் வைன்மன் என்ற சிற்பி செதுக்கினார்; 1935இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. அந்த வரிசையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் உருவாக அமைத்துவிட்டார். 1997இல் அந்நாட்டு முஸ்லிம் அமைப்புகள் அதனை அகற்றக் கோரின. தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் மறுத்துவிட்டார். இது வழிபாட்டுச் சிலையன்று, சட்டத்தின் வரலாற்றில் அவர்களுக்குரிய இடத்தைப் போற்றுவது என்பது அவர் கொண்ட கருத்து. சிற்பியின் எண்ணம் நல்லதே. தேங்காய்ச் சில் நீட்டிய எழுத்தரின் எண்ணமும் நல்லதே.

ஆட்சியாளரின் வழிபாடு பிறருக்கு என்னவாக முடியும் என்பதை இவர்கள் அனைவருக்கும் முன்பே உணர்ந்திருந்த ஒருவரை நாம் நினைவுகூர வேண்டும். ஏறத்தாழ 638ஆம் ஆண்டில் ஜெரூசலம் நகரம் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. திருச்சபைத் தலைவர் சோஃப்ரோனியஸ் அவர்களை உயிர்த்தெழுதல் ஆலயத்துக்குள் அழைத்துச் சென்றார். தொழுகை வேளை வந்தது. உள்ளேயே தொழுமாறு சோஃப்ரோனியஸ் வேண்டியும் உமர் (ரலி) இசையவில்லை; வெளியே வந்து படிக்கட்டில் தனித்துத் தொழுதார்கள். 'உமர் தொழுத இடம்' என்று கூறிப் பின்னாளில் முஸ்லிம்கள் அந்த ஆலயத்தை உரிமை கொண்டாடிவிடுவர் என்பதே அவர்கள் சொன்ன காரணம். படிக்கட்டிலும் கூட்டாகத் தொழலாகாதென எழுதிக் கொடுத்தார்கள் என்பர். இதைப் பதிவு செய்தவர் பத்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் திருச்சபைத் தலைவராயிருந்த சயீத் இப்னு பத்ரீக் என்ற கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் என்பது இச்செய்திக்குத் தனிச் சிறப்பளிக்கிறது. உமர் (ரலி) தொழுகையைக் கைவிடவில்லை, ஒளித்துச் செய்யவுமில்லை. ஆளுபவரின் நெற்றி தரையில் படும்போது அந்த இடம் யாருக்கு உரியது என்ற கேள்வி பிறந்துவிடும் என்று அறிந்து, பத்தடி தள்ளி நின்றார்கள். அவ்வளவே.

இனி நம்மைப் பற்றி. அலுவலகத்துச் சுவரில் கடவுளர் படம் கூடாதென்று சொல்ல நமக்கு உரிமையுண்டு. அப்படியானால் நம்மவர் ஒருவர் அதிகாரியாக அமரும்போது, தலைக்குமேல் கஅபாவின் படம் போட்ட நாட்காட்டியை மாட்டலாமா? மாட்டியவரை நான் கண்டிருக்கிறேன். நம் ஊரில் அது பெருமையாகவும் பேசப்பட்டது. அவருடைய மேசைக்கு முன் நின்ற அருந்ததியரோ கிறிஸ்தவரோ, அந்த மலைவாழ் முதியவரைப் போலவே, தம் காரியம் அந்தப் படத்தைச் சார்ந்ததோ என்று எண்ணியிருக்கக்கூடும். 2001 முதல் தமிழக அரசு நோன்புக் கஞ்சிக்கென்று பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது. ஏழைகள் வயிறு நிறைகிறது, மகிழ்ச்சி. ஆயினும் அந்த அரிசியை வாங்கும் ஜமாஅத், பக்கத்து அலுவலகத்தின் ஆயுத பூசையைக் குறித்து வாய் திறக்கும்போது சற்றுத் தடுமாறத்தான் வேண்டும். ஹஜ்ஜுக்கு அரசு அளித்துவந்த மானியம் 2018இல் நின்றபோது, நம்மில் ஒரு சாரார் கொதித்தனர். மற்றொரு சாரார், சக்தியுள்ளவனுக்கே கடமையான ஹஜ்ஜுக்கு அயலாரின் வரிப்பணம் எதற்கு என்று நிம்மதியடைந்தனர். நான் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவன். சிறுபான்மையினருக்குச் சலுகையும் பெரும்பான்மையினருக்குச் சுவரும் என்ற பங்கீடு இருவருக்குமே நன்மை பயக்கவில்லை. சலுகையைக் காட்டிச் சுவரை நியாயப்படுத்துகிறார்கள். சுவரைக் காட்டிச் சலுகை கேட்கிறோம்.

மீண்டும் வேலூர்க் கோட்டைக்கே வரவேண்டியிருக்கிறது. கோட்டை முழுவதும் மத்திய அரசின் தொல்லியல் துறைக்குரிய பாதுகாக்கப்பட்ட சின்னம். உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில், 1846இல் கட்டப்பட்ட புனித ஜான் தேவாலயம், நவாபுகளின் காலத்ததெனப்படும் ஒரு பள்ளிவாசல். மூன்றும் அரசின் மதிலுக்குள். தொல்லியல் துறையின் வழக்கம் எளிது: துறையின் பொறுப்பில் எடுக்கும்போது வழிபாடு நடந்துகொண்டிருந்தால் தொடரலாம், நின்றுபோயிருந்தால் புதிதாகத் தொடங்கலாகாது. தேவாலயத்தில் ஆராதனை நின்றதில்லை, இன்றும் நடக்கிறது. கோயிலோ ஆங்கிலேயர் காலத்தில் படைக்கலக் கிடங்காகப் பயன்பட்டது; கருவறையில் மூர்த்தி இன்றி நெடுங்காலம் கிடந்தது. சத்துவாச்சாரியில் இருந்த இலிங்கத்தை 1981 மார்ச்சில் மக்கள் கோட்டைக்குள் கொண்டுவந்து நிறுவினர். மாவட்ட நிர்வாகம் துணை நின்றது. துறையின் விதி விலகி வழிவிட்டது. இருளடைந்து கிடந்த ஒரு கோயிலில் விளக்கு ஏறியதற்கு நாம் வருந்த வேண்டியதில்லை. பள்ளிவாசலிலும் தொழுகை நடத்த அனுமதி வேண்டுமென்ற கோரிக்கை பின்னர்ப் பலமுறை எழுந்தது. அப்போதெல்லாம் விலகிய விதி மீண்டும் தன் இடத்தில் வந்து நின்றுகொண்டது. 1981இல் கோட்டையின் மதிலுக்குள் விதி தளர்ந்தது ஏன் என்பதை அரசு ஒருநாள் கூறத்தான் வேண்டும். அவ்வாறு கூறும்வரை, கேட்பது நம் கடமை. கேட்கும்போது கோயிலைச் சுட்டிப் பேசாமல் விதியைச் சுட்டிப் பேசுவோமாக. 1806இல் அந்தக் கோட்டையில் கசையடி பெற்ற இருவரும் ஒரே ஆணைக்காகவே அடிபட்டார்கள்.

அன்று மலையிறங்கி வரும் வழியில் ஆலங்காயத்துப் பள்ளிவாசலில்தான் எனக்கு ஜும்ஆ கிடைத்தது. தேங்காய்ச் சில்லைப் பேருந்தில் எனக்கடுத்து அமர்ந்திருந்த மலைச்சிறுவனிடம் கொடுத்துவிட்டேன். சான்று வாங்கிய அந்த முதியவரும் அதே பேருந்தில் இருந்தார். தாளை விரித்து, இதில் தம் மகன் பெயர் சரியாக இருக்கிறதா என்று என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார். இருந்தது.